முகப்பருவுக்கு இயற்கை சோப்பு போதுமா?

முகத்தில் எண்ணெய் வழிகிறது. கன்னத்திலும் நெற்றியிலும் பரு. பீனியாவில் மெஷின் முன்னால் நிற்கும் வாலிபருக்கும், ஆபீசில் உட்காரும் குமாஸ்தாவுக்கும் இந்தத் தொல்லை உண்டு.

கடைக்குப் போனால் வேப்பிலை சோப்பு, மஞ்சள் சோப்பு, சந்தன சோப்பு என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். "இயற்கை சோப்பு, பரு ஓடிப்போகும்" என்கிறார்கள். ஊருக்கு அனுப்பியது போக மீந்த பணத்தில் வாங்குகிறோம். பரு போகிறதா?

பரு ஏன் வருகிறது?

தோலுக்கு அடியில் உள்ள சுரப்பிகள் எண்ணெய் சுரக்கின்றன. வாலிப வயதில் இது அதிகம். அந்த எண்ணெயும், உதிர வேண்டிய தோல் செதில்களும் சேர்ந்து மயிர்க்காலை அடைக்கின்றன. உள்ளே கிருமி பெருகினால் பரு சிவந்து சீழ் பிடிக்கும்.

ஆகவே, பருவுக்குக் காரணம் அழுக்கு அல்ல. மேலே உள்ள எண்ணெயையும் வியர்வையையும் சோப்பு எடுக்கும். உள்ளே இருக்கும் அடைப்பை எடுக்காது.

காரம் இல்லாத சோப்பு இல்லை

எந்த எண்ணெயாக இருந்தாலும் காஸ்டிக் சோடா சேர்த்தால்தான் கட்டி சோப்பு ஆகும். இயற்கை சோப்பும் அப்படித்தான். அளவுக்கு மீறித் தேய்த்தால் தோல் வறண்டு எரியும். பரு இன்னும் சிவக்கும்.

வாங்கும்போது உறையைப் படியுங்கள். 'டி.எப்.எம்.' என்பது கொழுப்புப் பொருளின் அளவு. 76 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம். 70 என்றால் இரண்டாம் தரம். 60 என்றால் மூன்றாம் தரம். 'பேதிங் பார்' என்று போட்டிருந்தால் அது வேறு வகை. அதற்கு 40 சதவீதமே போதும்.

எப்படிக் கழுவுவது?

காலையில் ஒரு முறை, வேலை விட்டு வந்ததும் ஒரு முறை. அதற்கு மேல் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதும். சோப்பை உள்ளங்கையில் நுரைத்து, விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். நார் போட்டுத் தேய்க்காதீர்கள். நன்றாகக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள்.

பெங்களூரில் காவிரித் தண்ணீர் வராத இடங்களில் போர்வெல் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் நுரை எழாது. வெள்ளையாகப் படிந்து தோலில் ஒட்டும். முகத்துக்கு மட்டும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள். ஒரே ரூமில் நாலு பேர் இருந்தாலும் சோப்பும் துண்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

இதைச் செய்யாதீர்கள்

பருவைக் கிள்ளாதீர்கள். தழும்பு விழுந்தால் எளிதில் மறையாது. எலுமிச்சைச் சாறும் டூத் பேஸ்டும் தடவினால் தோல் புண்ணாகும். நண்பர் சொன்னார் என்று முகம் வெளுக்க ஸ்டீராய்டு க்ரீம் பூசாதீர்கள். முதலில் பளபளக்கும், பிறகு பரு கூடும், தோல் மெலியும்.

பரு கட்டி கட்டியாக வலித்தாலும், தழும்பு விழத் தொடங்கினாலும் டாக்டரிடம் போக வேண்டும். பவுரிங், விக்டோரியா அரசு ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது. மருந்து பலன் தர 6 முதல் 8 வாரம் ஆகலாம். நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

பரு ஒரு நோய். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சோப்பு மாற்றி சோப்பு வாங்கும் காசை பஸ்சுக்கு வைத்துக்கொண்டு, ஒரு நாள் லீவு போட்டு டாக்டரைப் பாருங்கள்.