ஒளிக்கு ஒரு கணக்கு, கண்ணுக்கு ஒரு கணக்கு

கணினியில் ஓவியம் தீட்டுவோர் அடிக்கடி நாடும் திருத்தக் கருவிகள் இரண்டு. ஒன்று எக்ஸ்போஷர் என்னும் ஒளிபடு அளவு. மற்றொன்று கான்ட்ராஸ்ட் என்னும் மாறுபாடு. படம் மங்கித் தோன்றினால் இவ்விரண்டில் எதையேனும் நகர்த்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆயினும் இவற்றின் தொழில் வெவ்வேறு. ஒளிபடு அளவு ஒளியைப் பெருக்குகிறது. மாறுபாடு ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள தொலைவை விரிக்கிறது. முன்னது இயற்பியலைச் சார்ந்தது. பின்னது பார்வையைச் சார்ந்தது. இந்த வேறுபாடு தெளிந்தால், ஓவியர் தம் படத்தைத் தாமே ஆள்வார்.

படப்புள்ளி ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று எண்களால் ஆனது. எட்டு பிட் படத்தில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரையுள்ள 256 நிலைகளுள் ஒன்றில் நிற்கும். 128 என்பது ஏறத்தாழ நடு எண். ஆனால் அது குறிக்கும் ஒளி, திரையின் முழு வெண்மை ஒளியில் ஏறத்தாழ 21.6 விழுக்காடே.

இதற்குக் காரணம் நம் கண்ணின் இயல்பு. இருண்ட அறையில் ஒரு விளக்கை ஏற்றினால் அறையே மாறிவிடுகிறது. நண்பகல் வெயிலில் அதே விளக்கை ஏற்றினால் எவரும் அறியார். தூண்டல் எவ்வளவு பெரிதோ, அதில் நேரும் மாற்றமும் அவ்வளவு பெரிதாய் இருந்தால்தான் புலனுக்கு எட்டும். எர்ன்ஸ்ட் வெபர் கண்ட இவ்வுண்மையைக் குஸ்தாவ் ஃபெக்னர் 1860இல் வெளியிட்ட நூலில் கணித வடிவில் நிறுவினார். ஒளியைச் சமபங்காகப் பிரித்து 256 நிலைகளாக்கினால் நிழற்பகுதிக்கு நிலைகள் போதா. வெண்பகுதியிலோ கண் காணாத நிலைகள் வீணே குவியும். ஆகவே நிழலுக்கு மிகுதியாகவும் வெளிச்சத்துக்குக் குறைவாகவும் நிலைகளைப் பங்கிடும் குறிமுறை வேண்டியதாயிற்று. ஹியூலெட் பேக்கார்டும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்மொழிய, 1999இல் பன்னாட்டுத் தரமான எஸ்ஆர்ஜிபி அத்தகையது.

இனி ஒளிபடு அளவைக் காண்போம். ஒளிப்படக் கலையில் ஒரு படி ஏற்றுவது என்றால் ஒளியை இரட்டிப்பது. ஒரு படி இறக்குவது என்றால் பாதியாக்குவது. ஓவிய மென்பொருளும் இம்மரபையே பின்பற்றுகிறது. 128 என்ற எண்ணுக்குரிய ஒளியை இரட்டித்து மீண்டும் குறிமுறைக்குக் கொணர்ந்தால் கிடைப்பது ஏறத்தாழ 176. ஒளியை விடுத்து எண்ணையே இரட்டித்தால் அது வெண்மையின் எல்லையைத் தொட்டுவிடும்; ஒளியோ நாலரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். இப்பிழை நேராதிருக்கவே ஃபோட்டோஷாப்பின் ஒளிபடு அளவுக் கருவி, எண்களை முதலில் நேரியல் ஒளியாக, அதாவது ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான எண்களாக, மாற்றிக் கணக்கிடுகிறது. கதிரவன் முகிலுக்குப் பின்னிருந்து வெளிவருவதுபோல் படம் முழுதும் ஒரே விகிதத்தில் ஒளி பெறுவது இதனால்தான்.

ஒரு படி ஏற்றும்போது 188க்கும் அதற்கு மேலுமுள்ள எண்கள் யாவும் 255இல் முட்டி நின்றுவிடும். அங்கிருந்த நுண்வேறுபாடுகள் அழியும். அப்படத்தைச் சேமித்தபின் ஒளியைக் குறைத்தாலும் அவை மீளா.

மாறுபாட்டின் கணக்கு வேறு. அதன் எளிய வடிவில், நடு எண் அசையாமல் நிற்க, அதனின்று மற்ற எண்கள் விலகும் தொலைவு பெருகும். 128ஐ நடுவாகக் கொண்டு தொலைவை ஒன்றரை மடங்காக்கினால் 200 என்பது 236 ஆகும். 100 என்பது 86 ஆகும். 213ம் அதற்கு மேற்பட்டனவும் வெண்மையில் கரையும். 42ம் அதற்குக் கீழ்ப்பட்டனவும் கருமையில் மூழ்கும். எஞ்சிய 170 நிலைகள் 256 இடங்களில் பரவுவதால் இடையிடையே வெற்றிடங்கள் விழும். மென்மையாகத் தீட்டிய வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிவதற்கு இது ஒரு காரணம். வளைகோட்டுக் கருவியில் நடுப்பகுதியைச் செங்குத்தாக்கி, இரு முனைகளையும் மெல்ல வளைத்தால் இவ்விழப்பைத் தணிக்கலாம். எனினும் நடுவில் கூட்டிய வேறுபாட்டுக்கு முனைகளில் விலை கொடுத்தே ஆகவேண்டும்.

நிறமும் இதனால் மாறும். சிவப்பு 200, பச்சை 100, நீலம் 80 எனத் தீட்டிய கன்னம், மேற்சொன்ன கணக்கில் 236, 86, 56 என்றாகிக் கனன்று சிவக்கும். ஒளிர்வை மட்டும் மாற்றும் கலப்புமுறையில் திருத்தத்தை அமைத்தால் நிறம் பெரிதும் காக்கப்படும்.

கருவியைத் தொடாமலே மாறுபாட்டை வளர்க்கும் வழியும் உண்டு. பாரிசின் கோபெலின் திரைச்சீலை நெசவகத்தில் சாயப்பிரிவை நடத்திய வேதியியலறிஞர் செவ்ரூல், கருஞ்சாயம் வலுவற்றது என்ற முறையீட்டை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை, அருகமைந்த நிறங்களின் விளைவில் உள்ளது எனக் கண்டார். அவ்வாய்வு 1839இல் நூலாயிற்று. அண்டையிலுள்ளதைக் கொண்டே கண் எதையும் மதிப்பிடுகிறது. ஆகவே விளக்கின் சுடர் ஒளிர வேண்டுமாயின், சுடரை ஏற்றுவதற்கு முன் அதன் சூழலை ஒரு படி தாழ்த்திப் பார்த்தல் நன்று.

இவற்றிலிருந்து பெறப்படும் நடைமுறை இது. ஒரு நிறத்துக்கு 65,536 நிலைகள் தரும் பதினாறு பிட் ஆழத்தில் ஓவியத்தைத் தொடங்குக; கிரிட்டா போன்ற கட்டற்ற மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. மூலத்தை மாற்றாமல், திருத்தங்களைத் தனி அடுக்கில் வைத்திடுக. முதலில் ஒளிபடு அளவால் படத்தின் மொத்த ஒளியை நிலைநிறுத்துக. பின்னரே மாறுபாட்டால் வடிவங்களைப் பிரித்துக் காட்டுக. முறை மாறினால், மாறுபாடு முன்பே கரைத்துவிட்ட விவரங்களை எவ்வளவு ஒளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் மீட்க இயலாது. ஓவியத்தில் எதை வெளிச்சத்தில் நிறுத்துவது, எதை இருளுக்கு விடுவது என்பது ஓவியரின் முடிவு. அம்முடிவைக் கருவியின் தற்செயலுக்கு விட்டுவிடாமல் காப்பதே இக்கணக்குகளைக் கற்பதன் பயன்.