ஒரே ஒரு மஞ்சள் அட்டை... ஃபைனலைத் தொலைத்த பவெல் நெட்வெட்!

மே 14, 2003. இத்தாலியின் டுரின் நகரில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் 2-1 என ஜெயித்திருந்த ரியல் மாட்ரிட், இங்கே யுவென்டஸிடம் திணறிக்கொண்டிருந்தது. 73-வது நிமிடத்தில் செக் குடியரசைச் சேர்ந்த மிட்ஃபீல்டர் பவெல் நெட்வெட் ஒரு கோல் அடிக்க, ஸ்கோர் 3-0. அரங்கமே அதிர்ந்தது.

அடுத்த பத்து நிமிடத்துக்குள் எல்லாம் மாறிப்போனது. மாட்ரிட் வீரர் ஸ்டீவ் மெக்மனமன் மீது ஒரு ஃபவுல். அவசரத்தில் நடந்த தவறு. நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்தினார். அந்தத் தொடரில் ஏற்கெனவே வாங்கிய அட்டைகளோடு இதுவும் சேர, நெட்வெட்டுக்கு ஒரு போட்டித் தடை. அந்த ஒரு போட்டி... ஃபைனல்! மைதானத்திலேயே உடைந்து அழுதார் மனிதர்.

அவர் சாதாரண ஆள் இல்லை. 1999-ல் லாசியோவுக்கு கப் வின்னர்ஸ் கப் வாங்கித்தந்த வெற்றி கோல் அவருடையது. 2001-ல் ஜிடானை மாட்ரிட்டுக்கு விற்ற யுவென்டஸ், அந்த இடத்தை நிரப்ப நம்பியது இவரைத்தான். அதே ஜிடான் ஆடிய மாட்ரிட்டைத்தான் அன்று வீழ்த்தினார்கள்.

மான்செஸ்டரில் நடந்த ஃபைனலில் நெட்வெட் இல்லாத யுவென்டஸால் 120 நிமிடங்களில் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. பெனால்ட்டியில் 3-2 என ஏ.சி.மிலன் கோப்பையைத் தூக்கியது. அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருது மட்டும் நெட்வெட்டைத் தேடி வந்தது.

சோதனை அதோடு விடவில்லை. 2004 யூரோ அரையிறுதியில் செக் அணியின் கேப்டனாகக் களமிறங்கியவர், முழங்கால் காயத்தால் முதல் பாதியிலேயே வெளியேறினார். கூடுதல் நேரத்தில் கிரீஸிடம் தோற்றது செக்.

2006-ல் நடுவர் நியமன ஊழல் விவகாரத்தில் யுவென்டஸ் இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. இப்ராஹிமோவிச், கன்னவாரோ எனப் பெரிய பெயர்கள் வேறு கிளப்களுக்குப் பறந்தன. 34 வயதைத் தொட்ட நெட்வெட் நகரவில்லை. அடுத்த சீசனிலேயே அணி முதல் டிவிஷனுக்குத் திரும்பியது.

2009 மே 31-ல் தன் கடைசிப் போட்டியை ஆடினார். எதிரணி, பழைய லாசியோ. சாம்பியன்ஸ் லீக் கோப்பை கடைசிவரை அவர் கைக்கு வரவே இல்லை. ஆனால், அணி விழுந்தபோது கூடவே நின்றவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், யுவென்டஸ் ரசிகர்கள் இன்றும் சொல்லும் பெயர்களில் ஒன்று நெட்வெட்!