மழலையர் வகுப்பில் ஒரு வாரம்

"இன்னைக்கு மிஸ் என்ன எழுதச் சொன்னாங்க?" பள்ளி விட்டு வரும் சின்னப் பிள்ளையிடம் உம்மாமார் கேட்கும் முதல் கேள்வி இது. ஆனால், மூன்று நான்கு வயதில் எழுத்துக்கு முந்திய பாடங்கள் பல உண்டு.

1837-இல் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1840-இல் அதற்கு 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயரிட்டார். அங்கே விளையாட்டே பாடம். தமிழக அங்கன்வாடிகளின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் இதே வழிதான்.

களிமண் உருட்டுவதும் மணி கோப்பதும் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்குப் பயிற்சி. கட்டைகளை நிறம் பார்த்துப் பிரிப்பது கணக்கின் தொடக்கம். வரிசையில் நின்று கை கழுவுவதில் பொறுமை பழகும். திங்கட்கிழமை கேட்ட பாட்டை மறுநாள் சேர்ந்து பாடி, வெள்ளிக்கிழமை தானாகவே பாடும் பிள்ளைகள் உண்டு.

ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில்தான் குற்றாலத்தில் சாரலும் தொடங்குகிறது. விருந்தாளிகள் வந்ததும் அருவிக்குக் கூட்டிப்போகப் பிள்ளையை இரண்டு நாள் நிறுத்திவிடுகிறோம். மறுபடி வகுப்பு வாசலில் பழையபடி அழுகை. அருவிக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாமே!

மாலையில், "இன்னைக்கு யாரோட விளையாடினே? என்ன பாட்டுப் பாடினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை நிறையப் பேசும்.