உள்ளத்தின் ஆடி

திருகோணமலை ஓர்ஸ் ஹில் சரிவில் இறங்கித் துறைமுகக் கரையில் மாலை வேளையில் நிற்போர் இக்காட்சியைக் கண்டிருப்பர். படகிலிருந்து ஒருவன் கரைக்குத் தாவுகிறான். கால் வழுக்குகிறது. அக்கணமே, கரையில் நிற்பவர் உடலும் சற்றே சாய்ந்து நிமிர்கிறது. வழுக்கியவன் அவன், கூசியதோ நம் கால். பிறன் உடலில் நிகழ்ந்தது நம் உடலில் எங்ஙனம் புகுந்தது?

இவ்வினா தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரம் மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலையே வகுத்து, நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகின்றது. உரையில் எடுத்தாளப்படுவதால் மட்டுமே நாம் அறியும் செயிற்றியம் என்னும் பழைய கூத்துநூலோ, நடிப்போனிடத்துத் தோன்றியது காண்போனிடத்தும் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்னும் கருத்துடையது. கரையில் நின்ற நம் காலுக்கு நேர்ந்ததும் அதுவே அன்றோ? சென்று சேர்வதற்கு உடலினுள் வழி யாது என்பதை மட்டும் பழைய நூலோர் ஆராய இயலவில்லை. அதற்குரிய கருவி அவர்களிடம் இல்லை.

அக்கருவி இத்தாலி நாட்டுப் பார்மா நகர் அறிஞருக்குக் கிட்டியது. ரிசொலாத்தி என்பார் தலைமையில் அவர்கள் குரங்கொன்றின் மூளையில், கையசைவை ஆளும் பகுதியில், நுண்ணிய மின்கம்பிகளைச் செலுத்தி ஆராய்ந்தனர். குரங்கு உணவை எடுக்கும்போது சில நரம்புக்கலங்கள் துடித்தன. அதில் வியப்பில்லை. ஆராய்ச்சியாளர் உணவை எடுப்பதைக் குரங்கு வாளா பார்த்திருந்தபோதும் அதே கலங்கள் துடித்தன! கை அசையவில்லை, கையை அசைக்கும் கலம் அசைந்தது. 1992ஆம் ஆண்டு இச்செய்தி வெளிவந்தது. 1996இல் இவற்றுக்குக் கண்ணாடியின் பெயரையே இட்டனர். ஆடி நரம்புக்கலம் என நாம் கூறலாம். மனிதரிடத்தும், வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்ற 21 பேரின் மூளையில் நேரே அளந்து, செய்யும்போதும் காணும்போதும் துடிக்கும் கலங்கள் சில உண்டென 2010இல் அறிவித்தனர்.

இக்கண்டுபிடிப்பை உலகெங்கும் பரப்பியவருள் முதன்மையானவர் ஒரு தமிழ்நாட்டவர். 1951இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் சான் டியேகோவில் பேராசிரியராக விளங்கிய வி. எஸ். ராமச்சந்திரன் அவர். உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்த தொண்டினை உளவியலுக்கு இக்கலங்கள் செய்யும் என 2000ஆம் ஆண்டில் அவர் எழுதினார். பிறரைப் பார்த்துக் கற்றல், மொழி, இரக்கம் ஆகியவற்றுக்கெல்லாம் இவையே அடிப்படையாகலாம் என்பது அவர் கருத்து.

யானும் இதனைப் படித்த நாளில் உள்ளம் பூரித்தேன். மெய்ப்பாட்டியலுக்கு மேலைநாட்டார் சான்று தந்துவிட்டனர் என மாணவரிடம் பெருமையோடு உரைத்தேன். அப்பெருமிதம் நெடுநாள் நிலைக்கவில்லை.

அறிஞர் சிலர் தடை எழுப்பினர். அவருள் ஒருவரான கிரெகரி ஹிக்கொக் 2014இல் தம் மறுப்பைத் தனி நூலாகவே வெளியிட்டார். தடையின் சாரம் எளியது. நமக்குக் குரைக்கத் தெரியாது. எனினும் நாய் குரைப்பதை அறிகிறோம். நமக்குச் சிறகில்லை, எனினும் பருந்து இரைமேல் பாய்வதை உணர்கிறோம். ஆகவே, பிறர் செயலை நம்முள் நடித்துப் பார்த்தலே அறிதலுக்கு முழுக் காரணமாகாது. அக்கலங்கள் உள்ளன என்பது உண்மை. அவை எவ்வளவு செய்கின்றன என்பதே வழக்கு.

அவ்வழக்கில் தீர்ப்புக் கூற யான் வல்லேன் அல்லேன். ஆனால் சாட்சி ஒன்று கூற வல்லேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கடற்றொழிலாளர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் இருந்தான். யான் பாடம் சொல்லும்போதெல்லாம் அவன் முகம் இடப்புறச் சாளரத்தை நோக்கியே திரும்பியிருக்கும். ஒருவர் பேச்சில் சலிப்புற்றால் யானும் அவ்வாறே முகத்தைத் திருப்புவேன். ஆதலால் அவன் சலிப்புற்றான் எனத் தெளிந்தேன், ஐயமே எழவில்லை. பிறர் முன்னிலையில் கடிந்தேன். பலமுறை எழுந்து நிற்கச் செய்தேன். அவன் ஒன்றும் மறுத்துரைத்தானில்லை.

ஒருநாள் அவன் தாய் வந்தார். "ஐயா, பிள்ளைக்கு இடக்காது கேளாது. வலக்காதை உங்கள் பக்கம் வைக்கத்தான் முகத்தை அங்கால திருப்புகிறான்" என்றார். சினந்து கூறவில்லை, மன்னிப்புக் கேட்பவர்போலக் கூறினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் யான்.

வகுப்பில் என் சொல்லை மிகுதியும் விரும்பிக் கேட்டவன் அவனே. அவன் கழுத்தின் திருப்பம் என்னுள் என் சலிப்பையே எழுப்பியது. என் ஆடியில் யான் கண்டது என் முகத்தையே.

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில், மற்றது காமத்துப்பாலில். அகத்தைக் காட்டும் முகத்தைப் பளிங்குக்கு ஒப்பிட்ட வள்ளுவர், அதனோடு அமையாது குறிப்பறிவாரைத் தேடிப் போற்றுக என்றும் வற்புறுத்தினார். பளிங்கு போதுமாயின் அத்தகையாரைத் தேட வேண்டுவதில்லை. படகில் வழுக்கியவன் பொருட்டு நம் கால் கூசுதல் இயற்கை. அவன் ஏன் அவ்வளவு விரைந்து தாவினான் என்பதை அவனை வினவியே அறிதல் வேண்டும்.

மறுநாளே அச்சிறுவனை வகுப்பின் இடப்புற முன்வரிசையில் இருத்தினேன். அவன் வலக்காது என் பக்கமாயிற்று. அன்று முதன்முறையாக அவன் கழுத்தைத் திருப்பாமல் பாடம் கேட்டான்.