தரை தெரியாவிட்டால் விமானி என்ன செய்வார்?

மழை நாளில் ஓடுபாதையை நோக்கித் தாழ இறங்கி வரும் விமானம், சக்கரம் தரையைத் தொடுமுன்பே பேரிரைச்சலுடன் மீண்டும் மேலேறிச் சென்றுவிடுவது உண்டு. உள்ளிருக்கும் பயணிகள் "என்ன ஆயிற்றோ!" என்று கலங்குவார்கள். ஆனால் விமானத்தில் கோளாறு ஏதும் இருக்க வேண்டியதில்லை. இறங்குவதைக் கைவிட்டு மேலேறும் இம்முறையை ஆங்கிலத்தில் 'மிஸ்டு அப்ரோச்' என்பர். நாம் 'இறக்கம் கைவிடல்' எனலாம். இது எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம்.

கண்ணுக்குப் பதில் கருவி

மேகத்தினுள் புகுந்த விமானிக்கு வெளியே எதுவும் தெரியாது. கருவிகள் காட்டுவதை நம்பியே அவர் இறங்க வேண்டும். இதற்கு உதவுவது 'ஐ.எல்.எஸ்.' எனப்படும் கருவி இறக்க முறை. ஓடுபாதையின் அருகிலிருந்து இரண்டு வகை வானொலி அலைகள் அனுப்பப்படுகின்றன. ஒன்று, ஓடுபாதையின் நடுக்கோடு எங்கே என்று காட்டும். மற்றது, இறங்க வேண்டிய சரிவைக் காட்டும். இச்சரிவு வழக்கமாக 3 பாகை. அதாவது, 1 கிலோமீட்டர் முன்னேறும்போது விமானம் சுமார் 52 மீட்டர் கீழிறங்கும்.

சிறப்புக் கருவிகளும் பயிற்சியும் இருந்தால் இன்னும் தாழ்வாகவும் வரலாம். ஆனால் முதல் வகை ஐ.எல்.எஸ். இறக்கத்தில் கடைசிப் பகுதியைக் கண்ணால் கண்டே இறங்க வேண்டும். ஆகவே 'முடிவெடுக்கும் உயரம்' ஒன்று வரையறுக்கப்பட்டுள்ளது. அது தரையிலிருந்து 200 அடிக்கு, அதாவது சுமார் 60 மீட்டருக்குக் குறையாது. அங்கு வரும்போது ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் மேலேற வேண்டும். "இன்னும் சற்று இறங்கிப் பார்ப்போம்" என்பதற்கு இடமே இல்லை. மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் அங்கிருந்து தரையைத் தொட ஏறத்தாழ 16 வினாடிகளே ஆகும்!

மேலேறவும் ஒரு பாதை

மேலேறினால் போதுமா? எங்கே போவது? எதிரே மலை இருந்தால்? இதற்கான விடை விமானியின் கையிலுள்ள வரைபடத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, அது இப்படி இருக்கலாம்: "நேராக 2,000 அடி வரை ஏறுக, பின் இடப்புறம் திரும்பி 3,000 அடிக்கு ஏறுக, வானொலி நிலையத்தை அடைந்து அங்கே சுற்றிக் காத்திருக்கவும்."

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. அப்பாதையிலுள்ள குன்றுகள், கோபுரங்கள், கட்டடங்கள் ஆகியவற்றை அளந்த பின்னரே அது வகுக்கப்படுகிறது. பன்னாட்டு விதிப்படி, வேறு குறிப்பு இல்லாதபோது, விமானம் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் குறைந்தது 25 மீட்டர் ஏறும் என்று கணக்கிடப்படுகிறது.

இறக்கம் கைவிடும் இடத்துக்கு முன்பே விமானி மனம் மாறினால்? உடனே ஏறத் தொடங்கலாம். ஆனால் உடனே திரும்பக் கூடாது. அந்த இடத்தைக் கடந்த பின்னரே, வரைபடம் காட்டும்படி திரும்ப வேண்டும். ஏனெனில் தடைகள் அளக்கப்பட்டது அந்தப் பாதைக்குத்தான். பக்கத்தில் என்ன நிற்கிறதோ! கட்டுப்பாட்டு அலுவலர் வேறு திசையோ உயரமோ கூறினால் மட்டும் அதன்படி செல்லலாம்.

செய்ய வேண்டியவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. எஞ்சினின் விசையைக் கூட்டி மூக்கை உயர்த்துவது முதல் வேலை. இறக்கைத் தகடுகளை ஓரளவு மடக்கி, விமானம் ஏறுவது உறுதியானதும் சக்கரங்களை உள்ளிழுக்க வேண்டும். பிறகு பாதையைக் கவனிக்க வேண்டும். வானொலியில் பேசுவது அதன் பின்னரே.

உட்காது ஏமாற்றும்!

பேருந்து சட்டென வேகமெடுத்தால் உங்கள் முதுகு இருக்கையில் அழுந்துகிறது அல்லவா? இருளில் விமானம் இவ்வாறு வேகமெடுக்கும்போது, மூக்கு அளவுக்கு மீறி உயர்வதாக உட்காது பொய்யுரைக்கும். அதை நம்பி விமானி மூக்கைத் தாழ்த்தினால் விபரீதம்தான்.

2000 ஆகஸ்டு 23 இரவு பஹ்ரைனில், கல்ஃப் ஏர் நிறுவனத்தின் ஏர்பஸ் விமானம் ஒன்று இறங்குவதைக் கைவிட்டு மேலேறியது. இருண்ட கடலின் மேல் அதன் மூக்கு தாழ்த்தப்பட்டது. தரை நெருங்குவதாகக் கருவி எச்சரித்தும் பயனில்லை. விமானம் கடலில் விழுந்து, அதிலிருந்த 143 பேரும் மாண்டனர். இத்தகைய புலன் மயக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை கூறியது.

ஆகவேதான், மேலேறும் வழியை அந்தக் கடைசி வினாடிகளில் தேடக் கூடாது என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. இறங்கத் தொடங்குமுன்பே இரு விமானிகளும் அதை வாய்விட்டுப் படித்துக்கொள்கிறார்கள். வேறொரு விமானநிலையத்துக்குச் செல்ல வேண்டி வந்தால் அதற்கான எரிபொருளும் கணக்கிட்டே நிரப்பப்படுகிறது.

நீங்கள் செல்லும் விமானம் என்றாவது இறங்காமல் மேலேறினால் அஞ்ச வேண்டாம். தரை தெரியாத விமானி, முன்னரே படித்து வைத்த பாதையில்தான் உங்களை அழைத்துச் செல்கிறார்.