புல் வாசனைக்குள் ஒரு குகைப்பாதை

சாரல் தூறும் நாளில் அச்சன்புதூர் வரப்பில் உட்கார்ந்து புல் அறுத்தால் பச்சை வாசனை குப்பென்று கிளம்பும். அறுக்காத புல்லில் அது கிடையாது. அரிவாள் பட்டு இலையின் செல்கள் கிழிந்த பிறகுதான் அந்த வாசனை உண்டாகிறது. ஒரு கட்டு சேர்வதற்குள் மூக்குக்கு வந்தும் விடுகிறது.

இந்த அவசர வேலையைத் தொடங்கி வைப்பது லிபாக்சிஜினேஸ் என்ற நொதி. ஊறவைத்த சோயாவை வேகவைக்காமல் அரைத்தால் வரும் பச்சை வாடை இதன் கைங்கரியம். அரிசித் தவிட்டை நாள்பட வைத்தால் அடிக்கும் காறல் வாடையிலும் இதற்குப் பங்குண்டு.

நொதியின் நடுவே ஓர் இரும்பு அணு இருக்கிறது. கொழுப்பு அமிலச் சங்கிலியில் குறிப்பிட்ட ஓரிடத்து ஹைட்ரஜனை நொதி பிடுங்கும்போது, எலக்ட்ரான் இரும்புக்குப் போகிறது. புரோட்டான், இரும்போடு ஒட்டியிருக்கும் ஆக்சிஜனுக்குப் போகிறது. ஹைட்ரஜன் விட்டுப்போன சங்கிலியில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு வேறொரு நொதி சங்கிலியை நறுக்க, வாசனைத் துண்டு காற்றில் பறக்கிறது. எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்தே கிளம்பினவா, முன்னும் பின்னுமாகப் போனவா? எந்த நுண்ணோக்கியில் பார்த்தாலும் தெரியாது.

ஆளைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, தலையில் சுமையை ஏற்றிவிட்டு நடை தளர்கிறதா என்று கவனிக்கலாமே! 1931இல் ஹரால்ட் யூரி கண்டறிந்த டியூட்டீரியம் அதற்கு உதவுகிறது. இது ஹைட்ரஜனின் ஐசோடோப்பு. வேதிக் குணம் ஏறக்குறைய அதேதான், எடை மட்டும் இரண்டு மடங்கு. கடல்நீரில் சுமார் 6,400 ஹைட்ரஜனுக்கு ஒன்று இப்படி இருக்கும். கொழுப்பு அமிலத்தில் நொதி பிடுங்கும் அந்த இடத்தில் டியூட்டீரியத்தை வைத்து, வேகம் எத்தனை மடங்கு குறைகிறது என்று அளப்பார்கள். அதுதான் ஐசோடோப்பு விளைவு.

எவ்வளவு குறையும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. இலேசான ஹைட்ரஜன் தன் ஆற்றல் பள்ளத்தில் கொஞ்சம் மேலேயே துள்ளிக்கொண்டிருக்கும்; டியூட்டீரியம் அடியில் கிடக்கும். வினை நடக்க ஏறவேண்டிய ஆற்றல் மேட்டைத் தாண்ட இரண்டாவதுக்கு ஏற்றம் அதிகம். அறை வெப்பத்தில் இதனால் வரும் வித்தியாசம் ஏழு மடங்கு போல.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜூடித் கிளின்மன் குழுவினர் சோயா நொதியில் அளந்தபோது கிடைத்தது ஏறக்குறைய 80 மடங்கு. 1994இல் வெளியான முடிவு இது. சூட்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாலும் அந்த எண் பெரிதாக அசையவில்லை. மேடு ஏறும் கணக்கு இங்கே செல்லாது.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்குச் சாலை மலைமீது வளைந்து வளைந்து ஏறும். 1904இல் வந்த ரயில் பாதையோ பகவதிபுரத்தைத் தாண்டி, மலையைக் குடைந்த குகைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். ஹைட்ரஜனும் அப்படித்தான் மேட்டை ஏறாமல் ஊடுருவிப் போகிறது. குவாண்டம் இயற்பியல் அதற்கு அந்தச் சலுகையைத் தருகிறது. ஒரு வித்தியாசம்: செங்கோட்டைக் குகையில் சரக்கு வண்டிக்கும் இடமுண்டு, குவாண்டம் குகை, எடை கூடக்கூடச் சட்டென்று அடைபட்டுவிடும். அந்த 80 மடங்குத் தாமதம் அதனால்தான்.

எலக்ட்ரான், புரோட்டானைவிட 1,836 மடங்கு இலேசு. அது தனியாக முதலில் போயிருந்து, அதுவே மெதுவான படியாகவும் இருந்திருந்தால், ஹைட்ரஜனின் எடையை மாற்றியதில் வேகம் இப்படிச் சரிந்திருக்காது. இரண்டும் ஒரே அடியில் கிளம்புகின்றன என்ற முடிவை ஷாரன் ஹாம்ஸ்-ஷிஃபரின் கோட்பாட்டுக் கணக்குகளும் தாங்குகின்றன. பார்க்கவே முடியாத எலக்ட்ரானைப் பற்றி, அதன் கூட்டாளியின் களைப்பை வைத்துத் துப்புத் துலக்கியிருக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான்.

டியூட்டீரியம் நமக்கு அந்நியச் சரக்கும் அல்ல. பக்கத்து உர ஆலையின் வாயுவிலிருந்து அதைப் பிரித்தெடுத்த கனநீர் ஆலை தூத்துக்குடியில் 1978இலேயே வந்துவிட்டது. அப்போது தேவை அணு உலைகளுக்கு. இன்று மருந்துக் கம்பெனிகளும் டியூட்டீரியத்தைத் தேடுகின்றன. கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் முக்கிய நொதிகளிலும் இரும்புதான் ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. அந்த இடத்தில் கனமானதை வைத்தால் மருந்து உடம்பில் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கும். 80 மடங்கு என்றெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது; உடம்புக்குள் கிடைக்கும் பலன் அடக்கமானதுதான். இந்த வகையில் முதல் மருந்து 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2024இல் இந்தியாவின் சன் பார்மா, கடுமையான புழுவெட்டுக்கான மாத்திரை ஒன்றுக்கு அங்கே அனுமதி வாங்கியது. ஏற்கெனவே இருந்த ஒரு மருந்தின் மூலக்கூறில் எட்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு எட்டு டியூட்டீரியம் வைத்திருக்கிறார்கள்; மற்றதெல்லாம் பழையபடியே.