தேடினால் முதலில் வருவது எது?

சென்ற மாதம் ஒரு தாயார் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். செராமிக் கம்பெனி ஒன்றில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசும் வேலை. மகளுக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பிக்கலாமென்று பக்கத்து வீட்டுப் பையனின் செல்போனில் தேடியிருக்கிறார்கள். முதலில் வந்த தளத்தைத் திறந்து, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கொடுத்து, "பதிவுக் கட்டணம்" என்று 499 ரூபாயும் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பதிலே இல்லை. அரசாங்கத்தின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது என்று நான் சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: "அதுதானே பாய் முதல்ல வந்துச்சு?"

அவர் கேட்டதில் தவறில்லை. முதலில் வருவதுதான் சரியானது என்று நம்பும்படி ஒரு காலம் இருக்கத்தான் செய்தது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. நம் ஊருக்கு அது பிரவுசிங் சென்டர் வடிவில் பிறகுதான் வந்து சேர்ந்தது. பிளஸ் டூ ரிசல்ட் அன்று அந்தச் சின்ன அறைகளின் வாசலில் நின்ற கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். கட்டணம் நேரத்துக்குத்தான். காசு கொடுத்தது நாம், எனவே வாடிக்கையாளரும் நாமே.

அதற்கும் முன்பு அமெரிக்காவில் இணையத்தின் முதுகெலும்பாக இருந்தது அரசு அறிவியல் அமைப்பு ஒன்றின் வலைப்பின்னல். படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும்தான் அது. அதன் வழியாக வியாபாரம் செய்ய விதி இடம் தரவில்லை. 1995 ஏப்ரலில் அது மூடப்பட்டு, வேலை தனியார் நிறுவனங்களின் கைக்குப் போனது. நாம் இன்று பார்க்கும் வலைப்பக்கங்களின் தொழில்நுட்பத்தை உருவாக்கிய செர்ன் ஆய்வகமோ, 1993 ஏப்ரல் 30 அன்று, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. வக்ஃபு செய்த கிணறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணறு இன்றும் பொதுதான். ஆனால் சுற்றிலும் கடை போட்டுவிட்டார்கள், வாளியும் கயிறும் கடைக்காரரிடம் இருக்கிறது.

கூகுளின் கதை இதில் முக்கியமானது. அதை உருவாக்கிய லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் 1998-இல் மாணவர்களாக இருந்தபோது எழுதிய ஆய்வுக்கட்டுரையில், விளம்பர வருமானத்தில் நடக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், தேடுகிறவரின் தேவையிலிருந்து விலகும் என்று அவர்களே எச்சரித்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2000 அக்டோபரில், அதே கூகுள் தேடல் விளம்பரங்களை விற்கும் சேவையைத் தொடங்கிவிட்டது. நடத்தப் பணம் வேண்டுமே, படிக்கிறவர் தரமாட்டார். அந்தச் சங்கடம் எனக்கும் புரிகிறது. இந்த இதழை அச்சடிக்க நாமும் நன்கொடைதானே கேட்கிறோம்.

ஆரம்பத்தில் விளம்பரங்களுக்குப் பின்னால் தனி நிறம் இருந்தது, பார்த்தவுடன் தெரியும். 2013 வாக்கில் அந்த நிறம் போனது. இப்போது "ஸ்பான்சர்டு" என்ற சொல்தான் அடையாளம். அவசரத்தில் தேடுகிறவர் கண்ணில் அது படுவதில்லை. ஒவ்வொரு முறை நாம் தொடும்போதும் விளம்பரதாரர் கூகுளுக்குக் காசு தருகிறார். மோசடி விளம்பரங்களை நீக்குகிறார்கள் என்பது உண்மை. நீக்குவதற்குள் யாராவது ஏமாந்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை.

விற்கிறவர்களுக்கும் இதே நிலைதான். நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறவர். சமூக வலைத்தளத்தில் பக்கம் தொடங்கிய புதிதில் படம் போட்டால் வெளியூர் ஆர்டர் வரும் என்கிறார். இப்போது அவரைப் பின்தொடர்கிறவர்களுக்கே படம் போய்ச் சேர வேண்டுமானால் பணம் கட்டு என்று கேட்கிறதாம். சூளைக்கு கேஸ் செலவு, களிமண் செலவு, அதோடு இப்போது இதுவும்.

பணம் கேட்காத ஆப்களும் சும்மா இருப்பதில்லை. நம்மில் பலர் தொழுகை நேரத்துக்கும் கிப்லாவுக்கும் வைத்திருக்கும் "முஸ்லிம் ப்ரோ" செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். பயனாளிகள் இருக்கும் இடம் பற்றிய தகவல் அதிலிருந்து எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபார நிறுவனத்துக்குப் போனதாகவும், அந்நிறுவனத்திடம் வாங்குகிறவர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களும் உண்டு என்றும் 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளிப்படுத்தியது. ராணுவத்துக்கு விற்கவில்லை என்று செயலி நிறுவனம் மறுத்தது. ஆனாலும் எக்ஸ்-மோட் உறவைத் துண்டித்துக்கொண்டது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோட்டின் நிரலைத் தங்கள் செயலிகளிலிருந்து எடுக்கும்படி உத்தரவிட்டன. பாங்கு நேரம் பார்க்கத் திறந்தது இவ்வளவு தூரம் போகும் என்று யார் நினைத்திருப்பார்?

வியாபாரம் வந்ததால் கெடுதல் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். 2016-இல் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிந்தது. வளைகுடாவில் இருக்கும் மகன் முகத்தைத் தாய் தினமும் பார்க்கிறாள், முன்பு எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய காலம் போயிற்று.

உதவித்தொகை, வருவாய்ச் சான்று, பாஸ்போர்ட் எதற்கானாலும், முகவரியின் முடிவில் "கவ் டாட் இன்" இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். "ஸ்பான்சர்டு" என்றிருப்பதைத் தாண்டிக் கீழே வாருங்கள். ஆப்களுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் செட்டிங்கில் நிறுத்திவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்தாலே தொழுகை நேரம் வரும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழையுங்கள். அந்தத் தாயார் எங்களிடம் வந்தபோது பதினொரு நாள் கடந்திருந்தது.

அவருடைய மகளின் விண்ணப்பத்தை அலுவலகக் கணினியில் நாங்களே நிரப்பிக் கொடுத்தோம், செலவில்லாமல். மற்ற பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு செய்து தருகிறோம். ஆதார், வங்கிப் புத்தகம், மதிப்பெண் பட்டியல், வருவாய்ச் சான்று, ஓடிபி வரும் செல்போன் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள்.